வெள்ளைக் காகிதம் ஒட்டிய இசைத்தட்டு

முனவ்வர் அந்தப் பாட்டைக் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் கார் ரேடியோவில்.

பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. மருத்துவமனையில் ரம்லாவைக் காட்டிவிட்டு புறநகரில், கிரான்பர்னில் இருந்த வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. ஹனான் என்று பெயர் முன்பே முடிவாகியிருந்தது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அந்தப் பெயரை இருவருமே வாயில் எடுக்கவில்லை. ரம்லா எதையுமே பேசவில்லை. கேட்டால் தலையசைப்பாள், இல்லையென்றால் அதுவும் இல்லை. மூன்று வாரமாக அந்த வீட்டில் குழாய்த் தண்ணீரின் சத்தம்தான் பெரிய சத்தம்.

நெடுஞ்சாலையின் இரு பக்கமும் புது வீடுகளுக்காக மண்ணை வெட்டிக் குவித்திருந்தார்கள். காருக்குள் இருந்த அமைதியைத் தாங்க முடியாமல் முனவ்வர் ரேடியோவைத் திருகினான். ஏதோ ஒரு சமூக வானொலி. முதலில் பேஸ் கிட்டார் தனியாக நடந்து வந்தது, யாருமில்லாத வராந்தாவில் யாரோ நடப்பதுபோல. பிறகு ஒரு பெண்ணின் குரல். அவசரமே இல்லாத குரல். இரண்டாவது அடிக்கு முன்னால் அவள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அதற்கப்புறம் ஒரு தாள அளவுக்கு எல்லாமே நின்றது. வாத்தியம்கூட இல்லை. பிறகு குரல் மறுபடியும் வந்தது.

"கொஞ்சம் கூட்டுங்க," என்றாள் ரம்லா.

அவன் கூட்டினான். சிக்னலில் நின்றிருந்தார்கள், விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் வண்டி எதுவும் இல்லை. பாட்டு முடியும்வரை கார் அங்கேயே நின்றது. முடிந்ததும் அறிவிப்பாளர், பிரிட்டிஷ் உச்சரிப்பில், தூங்கி எழுந்தவர்போல மெதுவாகச் சொன்னார்: லொரெய்ன் டல்லி, பாட்டு 'சவுத் விண்டோ', டெட்ராய்ட், அறுபத்தேழு. நான் ஆண்ட்ரூ. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று மாலை ரம்லா தானாகவே அரிசி களைந்து வைத்தாள். அந்தப் பாட்டைப் பற்றி அவள் அப்புறம் பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஆனால் அதை அவளுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று அவன் மனதுக்குள் விழுந்துவிட்டது. வாயால் சொல்ல முடியாத ஒன்றை அந்தப் பாட்டு சொல்லிவிடும் என்று நம்பினான்.

லொரெய்ன் டல்லியை இணையத்தில் தேடினான். இல்லை. வானொலிக்கு எழுதினான். அந்த நிகழ்ச்சி நின்றுவிட்டது, ஆண்ட்ரூ இப்போது வருவதில்லை என்று பதில் வந்தது. எங்கேயும் இல்லை என்பதால் அது மிக அரிதான தட்டு என்று முடிவுகட்டினான். அப்படித்தான் இசைத்தட்டுக்காரர்களின் உலகத்துக்குள் போனான்.

அந்த உலகம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். புறநகர் மன்றங்களில் நீள மேசைகள் போட்டு, அட்டைப் பெட்டிகளில் ஏழு அங்குலத் தட்டுகளை நிறுத்தி அடுக்கியிருப்பார்கள். வந்தவர்கள் குனிந்து, இரண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. முனவ்வருக்கு அது பிடித்திருந்தது. இரண்டு மணி நேரம் மனிதர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கலாம். அங்கே அவன் கற்ற முதல் பாடம், எதைத் தேடுகிறாய் என்று வெளியே சொல்லாதே என்பது. சொன்னால் பக்கத்தில் நிற்பவன் முந்திக்கொள்வான். அதனால் லொரெய்ன் டல்லியின் பெயரை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

டான்டினாங்கில் ஒரு மருந்துக்கடையில் அவன் மருந்தாளராக வேலை பார்த்தான். தேடுவதும் அந்தத் தொழிலைப் போலத்தான். மாத்திரையைத் தின்றுபார்த்தா கொடுக்கிறோம்? லேபிளைப் படித்துத்தான் கொடுக்கிறோம். தட்டுகளையும் அப்படியே படித்தான். பெட்டி பெட்டியாக வாங்கி வருவான். ஒவ்வொன்றாக எடுத்து நடுவிலிருக்கும் வட்டத்தைப் படிப்பான். லொரெய்ன் டல்லி இல்லை. அடுத்தது. இல்லை. முடிந்ததும் பெட்டி கராஜுக்குப் போய்விடும். எதையும் போட்டுக் கேட்டதில்லை. அந்தப் பாட்டு கிடைத்தால் போட என்று முதலில் வாங்கிய சிவப்பு மூடி வைத்த சின்ன பிளேயரை, நல்ல பிளேயர் வந்தபிறகு, பின்னறையில் கொண்டுபோய் வைத்தான். அந்த அறை குழந்தைக்கென்று வெளிர்மஞ்சள் பூசியது. இப்போது ரம்லாவின் தையல் மெஷின் அங்கே இருந்தது. அவன் அதற்குள் அதிகம் போவதில்லை.

போன வருடம் நோன்புக்கு முன்னால் ரம்லா கராஜைச் சுத்தம் செய்தாள்.

"இந்தப் பெட்டியெல்லாம் என்ன பண்றது?"

"குடுத்துடு. சேரிட்டிக் கடையில எடுத்துக்குவாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அதுல ஒண்ணும் இல்ல."

அவள் கையில் துடைக்கிற துணியோடு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். அப்புறம் சரி என்றாள்.

இந்தப் பிப்ரவரியில், அந்த நாட்டுக் கோடையில், வாங்கி வந்த ஒரு பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. நார்த்கோட்டில் ஒரு பப்பின் மாடிக்கூடம். மாதம் ஒரு ஞாயிறு, மதியம் இரண்டிலிருந்து ஆறுவரை பழைய அமெரிக்க சோல் இசை. தட்டு சுழற்றுபவர்: ஆண்ட்ரூ, முன்பு வானொலியில்.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது.

அந்த ஞாயிறன்று மாடிக்கூடத்துக்குள் போனபோது ஜன்னல்களில் மேற்கு வெயில் சாய்ந்திருந்தது. மரத்தரை முழுக்க வெள்ளையாகப் பவுடர் தூவியிருந்தார்கள், கேரம் போர்டுக்குத் தூவுவதுபோல. அதன்மேல் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் வழுக்கி வழுக்கி ஆடினார்கள். ஜோடியாக இல்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தானே, கண்ணை மூடிக்கொண்டு. காலடியில் எழுந்த பவுடர் வெயிலில் மிதந்தது. தண்ணீருக்கடியில் நின்று பார்ப்பதுபோல இருந்தது முனவ்வருக்கு. லெமன் சோடா ஒன்றை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

மேடையில் நின்றவர் கறுப்பு மனிதர். நரைத்த தாடி, தொப்பி, மெலிந்த கைகள். அவர் ஒரு தட்டை மாற்றினார். பேஸ் கிட்டார் தனியாக நடந்து வந்தது.

முனவ்வர் சோடாவைக் கீழே வைத்தான்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கைகளை உயர்த்தினார்கள். இந்தப் பாட்டுக்காகத்தான் வந்தவர்கள் என்று தெரிந்தது. இரண்டாவது அடிக்கு முன் அந்த மூச்சு. அந்த நிறுத்தம். கூடமே காலைத் தூக்கியபடி ஒரு கணம் நின்றது. குரல் வந்ததும் எல்லாரும் ஒன்றாக இறங்கினார்கள். அவனுக்கு அந்த விளக்கு பச்சைக்கு மாறியது நினைவில் வந்தது. ரம்லாவின் மடியில் இருந்த மருத்துவமனைக் கோப்பு நினைவில் வந்தது.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் போனான். தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. நடுவில் லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக வெட்டிய வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது.

அந்தத் தட்டைப் பார்க்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். முடியாது நண்பரே, அது மூடி வைத்தது என்றார் அவர், வானொலியில் கேட்ட அதே தூக்கக் குரலில்.

"பதினொரு வருஷம்," என்று முனவ்வர் தனக்குள் முணுமுணுத்தான்.

அவர் தலையைத் தூக்கினார். "தமிழோ?"

"நீங்களுமா?"

"ஓம். யாழ்ப்பாணம், பிறகு மான்செஸ்டர், இப்ப இஞ்ச ரோவில் எண்ட ஊர். பேர் ஆனந்தராஜா. மான்செஸ்டரில அவங்களுக்கு வாயில நுழையேல்ல, ஆண்ட்ரூ ஆக்கிப்போட்டாங்கள்." அடுத்தவரிடம் மேடையைக் கொடுத்துவிட்டு, தட்டை உறையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார். "வாரும், படிக்கட்டில இருப்பம். இஞ்ச கதைக்கேலாது."

படிக்கட்டில் சுவர் வழியாக இசை அதிர்ந்தது.

"சார், அது லொரெய்ன் டல்லி பாட்டுதானே? எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க. போற எடமெல்லாம் தேடிட்டேன்."

ஆனந்தராஜா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"தம்பி, லொரெய்ன் எங்கட பக்கத்து வீட்டு மனுசி. டல்லி அவவின்ர பூனை."

முனவ்வருக்கு விளங்கவில்லை.

"அப்பிடி ஒரு பாட்டுக்காரி இல்லை. அது நான் வச்ச பேர், 'சவுத் விண்டோ'வும் அப்பிடித்தான். பதினொரு வருசமா நீர் என்ர பக்கத்து வீட்டுப் பூனையத் தேடித் திரிஞ்சிருக்கிறீர்." சிரிப்பு அடங்கியதும் அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இது எங்கட ஆக்களின்ர, தட்டுப் போடுற ஆக்களின்ர வழமை. இங்கிலாந்தில படிச்சது. அருமையான தட்டொண்டு கிடைச்சா லேபிளுக்கு மேல காகிதம் ஒட்டிப்போட்டு, ஒரு பொய்ப் பேர் சொல்லுவம். இல்லாட்டி அடுத்த கிழமையே மற்றவன் தேடி வாங்கிப்போடுவான். பிறகு எங்களட்ட ஆர் வருவினம்?"

"அப்ப உண்மையான பேர்?"

"அதக் கேக்கிறது முறையில்ல. மனுசியிட்ட வயசு கேக்கிற மாதிரி."

"நான் வியாபாரம் பண்ணக் கேக்கல சார்."

"சாரெல்லாம் வேண்டாம். அண்ணை எண்டு சொல்லும்." உறையைத் தொடைமேல் வைத்துத் தடவினார். "உம்மை நம்பாமல் இல்ல. ஆனா இந்த ஊரில இது என்னட்ட மட்டும்தான் இருக்கு. உள்ளுக்க ஆடுற சனம் இதுக்குத்தான் வருது. என்ர மனுசி செத்துப்போயிட்டா, பிள்ளையள் சிட்னியில. அறுபத்திமூண்டு வயசில வேற என்ன இருக்கு என்னட்ட?"

உள்ளே ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. ஆனந்தராஜா அவசரப்படுத்தவில்லை. பேசாமல் இருக்கத் தெரிந்த மனிதர்தான். கடைசியில் முனவ்வர், தன் ஷூவில் படிந்திருந்த பவுடரைப் பார்த்துக்கொண்டே, எவரிடமும் சொல்லாததைச் சொன்னான். மருத்துவமனை. மூன்று வாரம். நெடுஞ்சாலை. "கொஞ்சம் கூட்டுங்க." ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவனுக்கே இருந்தது.

"பிள்ளைக்குப் பேர் வச்சனீங்களோ?"

"வச்சோம்."

"என்ன பேர்?"

முனவ்வர் வாயைத் திறந்தான். பெயர் வெளியே வரவில்லை.

"சரி, விடும்," என்றார் ஆனந்தராஜா.

அவர் தட்டை உறையிலிருந்து எடுத்து, காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பழைய பசை, மெல்ல விட்டுக்கொடுத்தது. பாதிவரை தூக்கிப் பிடித்தார். ஆரஞ்சு நிற லேபிள். நாக்கைத் தொங்கவிட்ட நாய் ஒன்றின் படம்.

"'பஸ்டரும் பிஸ்கட்டுகளும்' எண்டு ஒரு குழு. முன்பக்கம் நாயப் பற்றி ஒரு பகிடிப் பாட்டு. சரியான குப்பை. இது பின்பக்கம், இடம் நிரப்பப் போட்டது. கொம்பனிக்காரனே திருப்பிப் போட்டுக் கேட்டிருக்க மாட்டான். பாடினவ ஆரெண்டு இதில இல்ல, எங்கயும் இல்ல. நான் முப்பது வருசம் தேடிப் பாத்தனான். பேரில்லாமல் விட மனமில்ல, அதால ஒண்டு வச்சன்."

முனவ்வர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாயை அவனுக்குத் தெரியும். ஆறேழு வருடம் இருக்கும். டிரஃபல்கர் என்ற சிற்றூர்ப் பக்கம் இறந்துபோன ஒருவரின் வீட்டிலிருந்து வாங்கிய பெட்டியில், அதே ஆரஞ்சு, அதே நாக்கு. சிரித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனது விரலுக்கு நினைவிருந்தது.

"இது என் வீட்ல இருந்துச்சு," என்றான்.

ஆனந்தராஜா காகிதத்தை மெல்ல அழுத்தி மறுபடியும் ஒட்டினார். "இருந்துச்சோ, இருக்கோ?"

முனவ்வர் எழுந்தான். அவர் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்தார், அவனுடையதையும் வாங்கிக்கொண்டார். "கிடைச்சா சொல்லும். ஆனா ஒருத்தருக்கும் நாயைக் காட்டாதேயும்."

கிரான்பர்ன் வரை ஒரு மணி நேரம். ரேடியோவை அவன் போடவில்லை. கோடை மாலை முடியாமல் நீண்டுகொண்டே போனது. எல்லாத்தையும், அதுல ஒண்ணும் இல்ல. தன் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டான். எட்டுப் பெட்டிகள் போயின. கடைக்காரர்கள் வேண்டாமென்ற மூன்று மட்டும் கராஜில் மிஞ்சின. நெடுஞ்சாலையில் மண் வெட்டிக் குவித்திருந்த இடத்தில் இப்போது தெருக்களும் மரங்களும் வந்துவிட்டன. அந்த விளக்கு மட்டும் அங்கேயே இருந்தது. இந்த முறை அது சிவப்பு.

வீட்டுக்குள் போகாமல் நேரே கராஜுக்குப் போனான். மூன்று பெட்டிகளையும் தரையில் இழுத்துப் போட்டான். நீலம், கறுப்பு, மஞ்சள், வெள்ளி. ஆரஞ்சில் நான்கு வந்தன, நாய் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். பிறகு சும்மா உட்கார்ந்தான். சிமெண்ட் தரை பகல் சூட்டை இன்னும் வைத்திருந்தது.

உள்கதவு திறந்தது. ரம்லா.

"வண்டி வந்து அரை மணி நேரமாச்சு. இங்க என்ன பண்றீங்க?" ஷூவைப் பார்த்தாள். "என்ன இது, மாவு மில்லுக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"பவுடர். அங்க தரையில போட்டிருந்தாங்க."

"எதத் தேடுறீங்க?"

தேடுவதை வெளியே சொல்லாத பழக்கம் ஒரு நொடி வாயை மூடியது. அப்புறம் சொன்னான். "ஒரு தட்டு. ஆரஞ்சு லேபிள். நாய்ப் படம் போட்டது. நான்தான் எல்லாத்தையும் குடுத்துடச் சொன்னேன். அதுல போயிருக்கும்."

ரம்லா கதவைப் பிடித்தபடி நின்றாள். போன வருடம் துணியோடு நின்றபோது இருந்த அதே பார்வை.

"அதையா தேடுறீங்க?"

"ஆமா."

"உள்ள வாங்க. ஷூவக் கழட்டிட்டு வாங்க."

அவனுக்கு முன்னால் பின்னறைக்குப் போனாள். வாசலில் அவன் கால் ஒரு கணம் தயங்கியது. தையல் மெஷின்மேல் யாருடைய பெருநாள் உடுப்போ பாதி தைத்துக் கிடந்தது. ஜன்னலடியில் ஒரு முக்காலி, அதன்மேல் சிவப்பு மூடி பிளேயர். மூடியைத் திறந்தாள். தட்டு உள்ளேயே இருந்தது. நாய் இருந்தது. திருப்ப வேண்டிய அவசியமில்லை, பின்பக்கம்தான் மேலே இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"ஆறு வருஷம் இருக்கும். கராஜுக்கு எதுக்கோ போனேன். நாயப் பாத்துச் சிரிப்பு வந்துச்சு. கொண்டாந்து போட்டேன், நல்லால்ல. திருப்பிப் போட்டேன்." ஊசியைத் தூக்கி வைக்கப்போனவள் நிறுத்தினாள். "நீங்கதான் எனக்காக வாங்கி, சொல்ல வாய் வராம அங்க வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அதான் நானும் கேக்கல. அன்னைக்கு எல்லாத்தையும் குடுத்துடு, ஒண்ணும் இல்லன்னீங்க. அதுதான் எனக்கு வெளங்கல."

"எனக்குத் தெரியாது ரம்லா. நான் வேற பேரத் தேடிட்டு இருந்தேன்."

"என்ன பேரு?"

"ஒரு பூனை பேரு."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். ஊசியை இறக்கினாள்.

முதலில் வந்தது மழை. அப்படித்தான் கேட்டது. தட்டு அவ்வளவு தேய்ந்திருந்தது. பள்ளங்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன. எந்தச் சேகரிப்பாளரும் இதைக் கையால் தொடமாட்டார். மழைக்குப் பின்னால் எங்கேயோ பேஸ் கிட்டார் நடந்து வந்தது.

"தினமும் கேப்பியா?"

"தினமும் இல்ல. புதன்கிழமை. நீங்க வேலைக்குப் போனப்புறம்."

பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். கிடைச்சுதோ என்று ஆனந்தராஜா கேட்டிருந்தார். கைப்பேசியைக் கவிழ்த்து மெஷின்மேல் வைத்தான்.

பிளேயருக்குப் பக்கத்தில் தட்டின் பழுப்பு உறை கிடந்தது. எடுத்தான். நடுவில் வட்ட ஓட்டை. அதற்குக் கீழே பென்சிலால் தமிழில், ரம்லாவின் சாய்ந்த கையெழுத்தில், ஒரே ஒரு சொல். பலமுறை அதன்மேலேயே எழுதிக் கறுத்திருந்தது.

அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"பாடுனது யாருன்னு பேரு போடல அதுல," என்றாள்.

இரண்டாவது அடிக்கு முன்னால் அந்த மூச்சு வந்தது. எல்லாமே நின்றது. மழை மட்டும் கேட்டது. அந்த இடைவெளியில், லேபிளைப் படிக்கிற பழக்கத்தில்தான், அவன் உறையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தான்.

"ஹனான்."

குரல் திரும்பி வந்தது. ரம்லா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். மெஷின் சக்கரத்தில் அவள் கை அசையாமல் கிடந்தது. பாட்டு பாதிக்கு மேல் போனபிறகுதான் "ம்" என்றாள், வேறு யாரையோ கூப்பிட்டதற்குத் தான் பதில் சொல்வதுபோல.

கொஞ்ச நேரம் கழித்து, "தேஞ்சு போச்சு, சத்தமே வரமாட்டேங்குது," என்றாள். "கொஞ்சம் கூட்டுங்க."

அவன் குனிந்து கூட்டினான்.